ஆனியில் ஏற்றிய அடுப்பு

ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்த நாளன்று, தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று கோவில்பட்டியின் புழுதியையெல்லாம் கூட்டிப் பெருக்கிக் கிழக்கே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்த பருவத்தில், காலை ஆறு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடைப்பட்ட நல்ல நேரத்தில், கூட்டுறவு நகர் மூன்றாம் தெருவில் தான் வாடகைக்குப் பிடித்திருந்த புது வீட்டின் சமையலறையில் செண்பகவல்லி அடுப்பைப் பற்றவைத்து, மஞ்சள் தடவிக் குங்குமம் இட்ட எவர்சில்வர் பானையில் அரை லிட்டர் பாலை ஊற்றி ஏற்றினாள். நல்ல நேரம் முடிந்தது, இராகு காலம் வந்து போயிற்று, எமகண்டமும் வந்து போயிற்று, பால் காயவில்லை.

காய்வது இருக்கட்டும், வெதுவெதுப்புக்கூடத் தட்டவில்லை. அடியில் தீ ஒழுங்காக நீல நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. மேலே பானையோ, கோடையில் தண்ணீர்ப் பானை வியர்ப்பதைப் போல உடம்பெல்லாம் முத்து முத்தாக வியர்த்துக் குளிர்ந்திருந்தது. முதலில் தொட்டுப் பார்த்தவர் வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வெயிலுமுத்து. லாரி புக்கிங் ஆபீசில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர். சரக்கு வந்து சேராத கதைகளை ஆயிரம் கேட்டவராகையால், சூடு வந்து சேராததும் அவருக்குப் புதிதாகப் படவில்லை.

"என்னம்மா, பச்சத் தண்ணியா கெடக்கு?"

"அடுப்பு நல்லாத்தான் எரியுது அண்ணாச்சி."

"எரியுதது எனக்கும் தெரியுது. காய மாட்டேங்குதே."

செண்பகவல்லியின் கணவர் தவசிலிங்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அவர் சாமான் மூட்டைக்குள்ளிருந்து வெப்பமானியைத் தேடி எடுத்து வந்து பாலில் நட்டார், எடுத்துப் பார்த்தார், துடைத்து மறுபடியும் நட்டார், பிறகு அதைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு, "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். வலப்பக்க அடுப்பில் தண்ணீர் வைத்தார்கள், கொதித்தது. பாலைத் தூக்கி வலப்பக்கம் வைத்தார்கள், வியர்த்தது. எதிர்வீட்டுக் குருவம்மா, கேட்காமலேயே வந்து, கேட்காமலேயே அந்தப் பாலில் ஒரு டம்ளர் எடுத்துப்போய்த் தன் வீட்டு அடுப்பில் காய்ச்சினாள். அங்கே அது நொடியில் பொங்கியது. சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து இங்கே கொண்டு வந்து வைத்ததும், நிலைப்படி தாண்டிய பாவத்துக்கு என்பதுபோல, மறுபடியும் குளிர்ந்து போயிற்று.

"ஒங்க வீட்டுக்கு வரத்தான் பிடிக்கல மதினி இதுக்கு," என்றாள் குருவம்மா. பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகியிராத ஒருத்தியை மதினி என்று அழைப்பதற்கு அவளுக்கு அந்த ஒரு டம்ளர் பாலே போதுமாக இருந்தது.

தெருமுனைக் கடைக்காரர் மாரிக்கனியிடம்தான் அந்தப் பாலை வாங்கியிருந்தார்கள். அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நீட்டிய காசைத் தொடவில்லை. "பொங்காத பாலுக்கு நான் காசு வாங்க மாட்டேன். பொங்கட்டும், வாங்கிக்கிடுதேன்," என்று சொல்லிப் போய்விட்டார்.

இது வெறும் பாலின் விஷயமாக மட்டும் இருந்திருந்தால் செண்பகவல்லி அதைக் கீழே ஊற்றிவிட்டு வேறு வேலை பார்த்திருப்பாள். ஆனால் வெயிலுமுத்துவுக்கு ஒரு கொள்கை இருந்தது. பால் பொங்காமல் பாய் உள்ளே வரக் கூடாது. இது தன் தகப்பனார் காலத்திலிருந்து அந்த வீட்டில் உள்ள வழக்கம் என்றார். வீடு கட்டிப் பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது, தகப்பனார் காலமாகி இருபது ஆண்டு ஆகியிருந்தது. இருந்தாலும் அதைச் சுட்டிக்காட்டுவது மரியாதையாகாது என்று எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். ஏற்றிய அடுப்பைப் பால் பொங்குமுன் அணைக்கக் கூடாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஏன் கூடாது என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே அதில் விவாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று.

குட்டியானை வண்டி ஓட்டி வந்தவன் அடுத்த வாடகைக்கு நேரமாகிவிட்டதென்று அவசரப்பட்டு, பீரோவையும் கட்டிலையும் பிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் மூட்டைகளையும் தெருவின் மேற்கு ஓரமாக இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவற்றோடு ஒரு சிகிச்சைக் கட்டிலும், தோள்பட்டை அசைவுக்கான கப்பியும் கயிறும், ஒத்தடத்துக்கு மெழுகு உருக்கும் பெட்டி ஒன்றும் இறங்கின. அவற்றைத்தான் செண்பகவல்லி அடிக்கொரு தரம் போய்த் துணி போட்டு மூடிவிட்டு வந்தாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். ஒரு தனியார் மருத்துவமனையில் பதினான்கு ஆண்டுகளாக, இறுகிய தோள்களையும் வீங்கிய முழங்கால்களையும் தன் இரு கைகளால் இளக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். அங்கே புதிதாக வந்த மேலாளர், ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் கை படக் கூடாது, இயந்திரத்தை மாட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்க வேண்டும் என்று விதித்த நாளிலிருந்து, தெருவைப் பார்த்துத் தனி வாசல் உள்ள முன்னறையோடு ஒரு வீடு, அந்த அறையில் ஒரு கட்டில், அவசரமில்லாத ஒரு கடிகாரம் என்று அவள் மனத்துக்குள் ஒரு சிறிய நிலையம் எழும்பத் தொடங்கிவிட்டது. இந்த வீட்டில் அந்த முன்னறை இருந்தது. வாடகையும் பழைய வீட்டைப் போல இரண்டு மடங்கு இருந்தது. மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். தவசிலிங்கத்தின் சம்பளம் மட்டும் என்றால், வாடகைக்கும் விடுதிக்கும் போக மிச்சத்தில் உப்பு வாங்கலாம், புளி வாங்குவதற்கு யோசிக்க வேண்டும். முன்னறை ஓடினால் குடும்பம் ஓடும்; முன்னறை திறக்காவிட்டால் ஒன்றும் இல்லை. வேலையை விட்டுவிட்டேன் என்று அவள் கணவரிடமும் சொல்லியிருந்தாள், வீட்டுக்காரரிடமும் சொல்லியிருந்தாள், அன்று காலை குருவம்மாவிடமும் சொன்னாள். உண்மையில் மருத்துவமனையில் நான்கு நாள் விடுப்புதான் சொல்லியிருந்தாள். பால் பொங்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

பழைய வீட்டுக்குத் திரும்பிப் போகலாமே என்று யாரும் கேட்கவில்லை. காலி செய்து பூட்டி, பெருக்கிய துடைப்பத்தையும் அங்கேயே போட்டுவிட்டு வந்த வீட்டுக்குள் மறுபடியும் கால் வைப்பது யாரும் செய்கிற காரியமல்ல.

ஆகவே அந்தக் குடும்பம் தெருவில் குடியேறியது. மாரிக்கனி தம் கடை வாசலுக்குப் போடும் தார்ப்பாயைக் கொடுத்தார். அதன் கீழே கட்டில் போடப்பட்டது. பிரிட்ஜ், அடுத்த வீட்டு மைதீன் பீவியின் கூடத்துக்குள் போய்ச் செருகிக்கொண்டது. வாஷிங் மெஷின் குருவம்மாவின் கொல்லைக்குப் போய், முதல் நாளே அந்த வீட்டுப் போர்வைகளைத் துவைத்தது. ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ தெருவோரத்தில் நின்றதால், பேருந்துக்குப் போகிற பெண்கள் அதன் முன் ஒரு கணம் நின்று பொட்டைச் சரிசெய்துகொண்டு போகப் பழகினார்கள். இரண்டு நாள் கழித்து அதை ஓர் அடி நகர்த்தி வைத்தபோது, பழைய இடத்திலேயே இருந்தால் நல்லது, இங்கே வெளிச்சம் முகத்தில் விழவில்லை என்று புகார் வந்தது.

பாலையும் தெரு அப்படித்தான் ஏற்றுக்கொண்டது. ஆனிக் காற்று மின்கம்பிகளை உரசவிட்டுப் பகலெல்லாம் மின்சாரத்தை வாங்கிக்கொண்ட நாட்கள் அவை. எரிகிற அடுப்பின் மேல் குளிர்ந்த பானை ஒன்று இருக்கிறது என்றால் அதை வீணாக்குவானேன் என்று, காலையில் தொடுத்த மல்லிகைச் சரத்தை மாலைவரை வாடாமல் வைக்கப் பெண்கள் அதன் கழுத்தில் சுற்றினார்கள். மைதீன் பீவி தம் இன்சுலின் குப்பியை ஈரத்துணியில் பொதிந்து பானையின் மூடிமேல் வைத்துவிட்டு, வேளைக்கு வந்து எடுத்துப் போட்டுக்கொண்டார். மாரிக்கனி ஒரு கலர் பாட்டிலைக் கொண்டு வந்து சாய்த்து வைத்துக் குளிரவைத்துக் குடித்துவிட்டு, பிரிட்ஜில் வைத்ததைவிட இதில் பல் கூசவில்லை என்று சான்றளித்தார். வலப்பக்க அடுப்பில் ஏற்றிய சோறும் குழம்பும் கீரையும் பொறுப்பாக வெந்தன. கேஸ் ஏஜென்சியிலிருந்து வந்த மெக்கானிக் அடுப்பைக் கழற்றாமலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்து, அடுப்பு நலம் என்று கூறி, வந்த கூலிக்கு ஒரு டம்ளர் மோர் மட்டும் வாங்கிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் ஆடி பிறந்தது. அன்று காலையே வெயிலுமுத்து தோளில் துண்டோடு வந்து தார்ப்பாய்க்கு முன்னால் நின்றார்.

"ஆடியில யாரும் குடிபோக மாட்டாங்கம்மா. ஆவணி வரைக்கும் பொறுக்கணும். அது வரைக்கும் பாலை எறக்கி வச்சிரு."

செண்பகவல்லி நாட்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு மாதம் தெருவில் இருக்க முடியாது. ஒரு மாதம் முன்னறை மூடிக் கிடக்கவும் முடியாது. அவள் வாயைத் திறக்குமுன் குருவம்மா தன் வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க ஆபீஸ்ல சரக்குக்கு எந்தத் தேதி போடுவீக? புக்கு பண்ணுன தேதியா, போய்ச் சேந்த தேதியா?"

"புக்கு பண்ணுன தேதிதான்."

"வழியில வண்டி பஞ்சராகி பத்து நாள் நின்னா?"

"நின்னா என்ன? ரசீதுல உள்ள தேதிதான் தேதி."

"அப்பம் அடுப்பு ஆனியில ஏத்துனதுதான? பாலு வழியில நிக்கி. அம்புட்டுத்தான்."

வெயிலுமுத்து துண்டை எடுத்து மறுதோளுக்கு மாற்றினார். முப்பது ஆண்டு தாமே மற்றவர்களிடம் சொல்லிய வாதம் தம்மிடமே திரும்பி வந்திருந்தது. "ஆனா தீ மாறக் கூடாது. ஆனியில ஏத்துன தீயே எரியணும்," என்று ஒரு நிபந்தனை மட்டும் விதித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தத் தீ தெருவின் பொறுப்பாகிவிட்டது. சிலிண்டர் தீரப்போகும் நேரத்தில், குத்துவிளக்கின் ஐந்து திரிகளுக்கு அடுப்பிலிருந்து தீயை வாங்கி வைத்துக்கொண்டு, புதுச் சிலிண்டரைப் பூட்டி, விளக்கிலிருந்து மீண்டும் அடுப்புக்குத் தீயைத் திருப்பிக் கொடுத்தார்கள். காற்றுக்கு மறைப்பாக நாலு பெண்கள் சேலைத் தலைப்பை விரித்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்கொரு சிலிண்டர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். முதல் முறை மைதீன் பீவியுடையது.

அந்தச் சிலிண்டரைக் கொண்டு வந்தபோதுதான் செண்பகவல்லி கவனித்தாள். பீவி அதை இடக்கையால் உருட்டினார். வலக்கை இடுப்போடு ஒட்டிக் கிடந்தது.

"எத்தன நாளா தூக்க முடியல பீவியக்கா?"

"ஒரு வருசமாச்சும்மா. கொடியில துணி போட முடியல. தலைக்கு முக்காடு போடுறதுகூட எடக்கைதான். பெரியாஸ்பத்திரியில மாத்திரை கொடுத்தாங்க, வவுறுதான் புண்ணாச்சு."

"உக்காருங்க," என்றாள் செண்பகவல்லி. சிகிச்சைக் கட்டிலின் மேல் கிடந்த துணியை அவள் உருவியபோது அதிலிருந்த புழுதி தெருவெங்கும் பறந்தது.

அப்படியாகத் தொடங்கிற்று. கையைத் தொங்கவிட்டு ஊஞ்சலைப் போல ஆட்டச் சொன்னாள். எலும்பின் விளிம்பைத் தன் பெருவிரலால் தேடிப் பிடித்து இளக்கினாள். பிறகு வீட்டின் வெளிச்சுவர் அருகே நிறுத்தி, விரல்களைப் பல்லியைப் போல மேலே மேலே நடத்தச் சொல்லி, விரல் நின்ற இடத்தில், தவசிலிங்கத்தின் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். மறுநாள் அதற்கு மேல் ஒரு கோடு விழுந்தது. அதைப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வந்தார், முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். வேடிக்கை பார்க்க நின்றவர்கள் கட்டில் காலியானதும் தாமே ஏறிப் படுத்தார்கள். வெயிலுமுத்து சுவரைப் பார்த்து, "பெயின்டு அடிச்சு ஒரு வருசம் ஆகல, எவ அவ கோடு போட்டது?" என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்து, அரை மணி நேரம் கழித்து அதே சுவரில் தம் பெயரின் முதல் எழுத்தோடு ஒரு கோடு வாங்கிக்கொண்டு திரும்பினார். அவர் கோடு பீவியின் கோட்டைவிடத் தாழ்வாக இருந்ததைக் குருவம்மா தெருமுழுக்கக் கேட்கும்படி அறிவித்தாள்.

இந்த நாட்களில் தவசிலிங்கம் மட்டும் எந்த வீட்டுக் குளியலறையையும் நாடவில்லை. பள்ளியிலேயே குளித்துக்கொள்கிறேன் என்று விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவார். தார்ப்பாயின் கீழ் காற்றடிக்கப் படுத்ததில் கழுத்துப் பிடித்துக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பினார்.

விடுப்பு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்த திங்கட்கிழமை, முற்பகலில், செண்பகவல்லியின் கைப்பேசி ஒலித்தது. அவள் இரு கைகளும் பீவியின் முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தன, விட்டால் வலிக்கும். குருவம்மாதான் எடுத்து, எதையோ அழுத்தி, அவள் காதருகே பிடித்தாள். அழுத்தியது ஸ்பீக்கர் பொத்தான். மேலாளரின் குரல் தெருவுக்கே கேட்டது.

"மேடம், லீவு முடிஞ்சிருச்சே. இங்க பேஷண்ட்ஸ் லைன்ல நிக்கிறாங்க. மத்தியானத்துக்குள்ள வந்துருவீங்கள்ல?"

பால் பொங்கட்டும் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்ட சொல்லை இப்போது சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் மாதா மாதம் தவறாத சம்பளம் இருந்தது. இந்தப் பக்கம் ஒரு தார்ப்பாயும், காயாத பாலும், சுவரில் சில சாக்பீஸ் கோடுகளும் இருந்தன. பீவி வலியில் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் தூக்கும்மா, போகுது, போகுது," என்றார்.

"நான் வரல சார்," என்றாள் செண்பகவல்லி.

"இன்னைக்கு வரலையா?"

"இனிமே வரல."

 அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

"அப்பம் நீங்க இத்தன நாளா வேலைய விடவே இல்லையா மதினி?" குருவம்மா இடுப்பில் கை வைத்தாள். "விட்டாச்சு விட்டாச்சுன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணாத கொறையா சொன்னீகளே! பச்சப் புள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டு!"

"இப்ப விட்டுட்டேன்ல," என்றாள் செண்பகவல்லி. சொல்லிக்கொண்டே பீவியின் முழங்கையை இன்னும் ஒரு விரற்கடை உயர்த்தினாள்.

குருவம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தாள்; பிறகு ஏதோ தோன்ற உள்ளே ஓடி, பானைக்குள் விரலை விட்டாள். "வெதுவெதுன்னு இருக்கு!" என்று அவள் போட்ட சத்தத்தில் பீரோக் கண்ணாடிமுன் நின்றவள் பொட்டைத் தவறவிட்டாள்.

மாலையில் தவசிலிங்கம் வந்து வெப்பமானியை நட்டுப் பார்த்தார். பாதி. கொதிநிலைக்குச் சரியாகப் பாதி. அதற்கு மேல் ஏறவில்லை. மல்லிகைச் சரங்களை எடுத்துவிட்டார்கள். இன்சுலின் பிரிட்ஜுக்குப் போயிற்று. வெயிலுமுத்து நாடியைத் தடவிக்கொண்டு தம் தொழில் அறிவிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"பாதிச் சரக்கு வந்துட்டுன்னா, மீதிப் பாதி எங்கயோ எறக்காமக் கெடக்குன்னு அர்த்தம். யாரு கையில இருக்கு மீதி?"

அது ஒரு கேள்வியாகத்தான் கேட்கப்பட்டது. தெரு அதை ஒரு விசாரணையாக எடுத்துக்கொண்டது. முதலில் மாரிக்கனி தலையைக் குனிந்துகொண்டு வந்து, அன்று கொடுத்த பால் முந்தின நாள் பாக்கெட் என்று ஒப்புக்கொண்டார். பால் அசையவில்லை. குருவம்மா, வாஷிங் மெஷினோடு வந்த சோப்புத்தூளில் பாதியைத் தன் டப்பாவில் கொட்டிக்கொண்டதை, அது ஒரு குற்றமா என்கிற பாவனையில் கூறினாள். பால் அசையவில்லை. கடைசியில் வெயிலுமுத்துவே தொண்டையைச் செருமிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொருவரிடமும் இதே வீட்டுக்கு முன்பணம் வாங்கி வைத்திருந்ததைச் சொன்னார். சொன்ன கையோடு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டும் வந்தார். எல்லாரும் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். பாலின் மேல் மெல்லிய ஆடை படர்ந்தது, அவ்வளவுதான்.

 தவசிலிங்கம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பீரோவின் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மாலை, பள்ளி விட்டு வந்தவரைச் செண்பகவல்லி முக்காலியில் உட்காரவைத்தாள். தெருவுக்கெல்லாம் பார்க்கிறவள் கணவர் கழுத்தை இன்னும் பார்க்கவில்லை என்று பீவிதான் சொல்லியிருந்தார். பின்னால் நின்று, இரண்டு பெருவிரல்களையும் பிடரியில் பதித்து மேலே ஏற்றிக்கொண்டு போனவள், காதுகளுக்குப் பின்னால் வந்ததும் நிறுத்திவிட்டாள். அங்கே தோலின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் துடைத்தாள், பொடியாக உதிர்ந்தது.

"பள்ளிக்கூடத்துல எந்தத் தண்ணிங்க வருது?"

"குழாத் தண்ணிதான். நல்ல தண்ணி."

"நல்ல தண்ணி காதுக்குப் பின்னால உப்புப் பூக்காது," என்றாள் செண்பகவல்லி, அழுத்தத்தைக் குறைக்காமல். "பன்னெண்டு வருசம் அந்தத் தண்ணியில உங்க சட்டைய அலசியிருக்கேன். இது நம்ம பழைய வீட்டு போர் தண்ணி."

அவள் கைகளின் கீழ் அந்தக் கழுத்து கல்லாக இறுகியது. அவர் திரும்பிப் பார்க்க முயன்றார். முடியாததால் தெருவைப் பார்த்தபடியே பேசினார்.

"சாவிய நான் இன்னும் கொடுக்கல செண்பா. இன்னொரு மாச வாடகை கட்டி வச்சிருக்கேன். ஒரு பாய் கெடக்கு. பழைய ஒத்தை அடுப்பு இருக்கு. காலைல குளிச்சிட்டு ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி, காபி போட்டுக் குடிச்சிட்டுப் போவேன்."

"அங்க பால் காயுதா?"

"காயுது," என்றார் அவர், வெட்கத்தோடு. "நல்லாவே பொங்குது."

செண்பகவல்லி பிடரியின் முடிச்சை இளக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ தோத்துருவேன்னு நெனச்சு இல்ல. தோத்தா ராத்திரிக்கு எங்க போய்ப் படுக்கிறதுன்னு... கழுத்துல ஒரு பயம்."

"எனக்கும் அதே பயந்தான். நான் வேலைய வச்சிக்கிட்டே விட்டேன்னு சொன்னேன். உங்களுக்குச் சொல்லாம வச்சிருந்தது நாந்தான் மொதல்ல." அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டி எழுப்பினாள். "தலைய இப்பத் திருப்பிப் பாருங்க."

அவர் திருப்பினார். இரண்டு பக்கமும் திரும்பிற்று.

"போய்ச் சாவியக் கொடுத்துட்டு வாங்க. வரும்போது அந்த அடுப்ப அங்க விட்டுட்டு வராதீங்க, மெழுகு உருக்குற பெட்டிக்குக் கரண்டு இல்லாத நேரத்துல ஆகும். துடைப்பத்த மட்டும் எடுத்துட்டு வந்துராதீங்க."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியது. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் சமையலறை நிறைந்துவிட்டது. மாரிக்கனி கடையைப் பாதி அடைத்துவிட்டு வந்தார். வெயிலுமுத்து தம் வீட்டுக்குள் தாமே இடம் கேட்டு நுழைந்தார். பழைய வீட்டுக்காரரின் வாசல் ஊரின் மறுகோடியில் இருந்தது. அங்கே அந்தச் சாவி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எப்போது மாறியது என்பதை அவர்கள் இங்கிருந்தே கண்டார்கள்: முதலில் பானையின் மேல் கடைசியாக நின்ற ஒரு வியர்வைத் துளி உலர்ந்தது; பிறகு ஆடை நடுவில் புடைத்தது; பிறகு ஓரங்களில் சிறு சிறு குமிழிகள், ஏதோ சொல்ல வந்து வெட்கப்படுகிறவை போல எழுந்து எழுந்து அடங்கின; பிறகு பால், ஆனியில் புறப்பட்டு ஆடியில் வந்து சேர்ந்த பால், பானையின் கழுத்தைத் தாண்டி வெள்ளையாக எழும்பி, ஒரு கணம் விளிம்பில் நின்று, எல்லாப் பக்கமும் பொங்கி வழிந்தது.

குருவம்மா குலவையிட்டாள். தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து இட்ட குலவை தெருமுனையைக் கடந்து, பாதி ஊர் தாண்டி, ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்த தவசிலிங்கத்தின் காதில் விழ, அவர் வண்டியை நிறுத்திவிட்டு, முன்னால் வைத்திருந்த ஒற்றை அடுப்பைப் பிடித்தபடி, கொஞ்ச நேரம் நடுத்தெருவில் அப்படியே நின்றாராம். மைதீன் பீவிக்குக் குலவையிட வராது. அவர் ஆனந்தத்தில் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினார். எல்லாரும் பாலைப் பார்த்தார்கள். செண்பகவல்லி மட்டும் அந்த வலக்கையைப் பார்த்தாள்.

பால் கிழக்கே பொங்கியதா வடக்கே பொங்கியதா என்பதில் அந்தத் தெருவில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. ஆனால் பாயும் பீரோவும் அன்று விளக்கு வைக்குமுன் உள்ளே போய்விட்டன என்பதிலும், கண்ணாடி போய்விட்டதே என்று சில பெண்களுக்கு வருத்தம் இருந்தது என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை.

மாரிக்கனி பாலுக்கான காசை அன்று மாலையே, பழைய பாக்கெட் என்பதால் ஒரு ரூபாய் குறைத்து, வாங்கிக்கொண்டார். பழைய வீட்டுக்காரர் கூடுதலாகக் கட்டிய வாடகையை ஆடிக் கடைசியில் திருப்பித் தந்தார். குளித்த தண்ணீருக்கென்று அதில் அறுபது ரூபாய் பிடித்துக்கொண்டார். வெயிலுமுத்து, புக்கிங் தேதிதான் தேதி என்று சொல்லி, ஆனி மாதத்திலிருந்தே வாடகையைக் கணக்கிட்டார். செண்பகவல்லி மறுபேச்சின்றி ஆவணி முதல் தேதியில் அதைக் கொடுத்தாள். கொடுத்ததில் ஒரு பகுதியை, தம் தோளுக்கான கட்டணமாக, அவர் அங்கேயே எண்ணித் திருப்பிக் கொடுத்தார். சிலிண்டர்கள், முறை வைத்தபடியே வீடு வீடாக, ஐப்பசிக்குள் திரும்பிப் போயின. மைதீன் பீவியுடையதை அவர் வலக்கையால் வாங்கிக்கொண்டார். கார்த்திகை பிறந்து மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், கழுத்தை அசைக்க முடியாமல் வந்த அந்த மருத்துவமனை மேலாளர், முன்னறையில் தம் முறைக்குக் காத்திருந்து, கட்டிலில் உட்கார்ந்து, பத்து நிமிடம் ஆனதும் பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்து எழுந்திருக்கப் போனார். செண்பகவல்லி தோளில் கை வைத்து உட்காரவைத்து, இன்னும் அரை மணி நேரம் பார்த்தாள். அவர் முழுக் கட்டணத்தையும் அன்றைக்கே, ரொக்கமாக, எழுந்து நின்று கொடுத்தார்.